பயந்த மனுஷி வைத்த வாசல்

மீனா, செல்வா, நீங்கள் எந்தப் புது இடத்துக்குப் போய்வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி உங்களுக்குத் தெரியும். "அங்க இன்னொரு கதவு எந்தப் பக்கம் இருக்கு?" கேட்டதும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பீர்கள். அப்பாவுக்கு ஒரு பைத்தியம் என்று நினைப்பு. அந்தப் பைத்தியம் எனக்கு ஒரு அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவரைப் பற்றி எழுதி வைக்கிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவன். கோர்வையாக எழுத வராது. ஞாபகம் வருகிற மாதிரி எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்குப் பிடிக்காது. ஈப்போவில் நாம் இருந்த எட்டு மாடிக் கட்டிடத்தின் முகப்பில் அவர் பெயரைக் கல்லில் வெட்டிப் பதிக்கலாம் என்று கட்டிடத்தை வாங்கிய சங்கத்துக்காரர்கள் சொன்னபோது, "வேண்டாம், அது கழண்டு ஆரின்ட தலையிலயும் விழும்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் 'மிஸ்' என்று கூப்பிடுவோம். கட்டிட வேலை எடுத்த, தவுக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற சீன முதலாளி மட்டும் மிஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் 'மிஸ் தாக்குட்' என்பார். மலாயில் தாக்குட் என்றால் பயம்.

தவுக்கே சொன்னதில் தப்பு இல்லை. அந்த அம்மா மாதிரி பயந்த ஆளை நான் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் என்று சொல்வார்கள். இவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து கட்டிடங்களுக்குப் படம் போடும் ஆர்க்கிடெக்ட். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலை, தட்டையான செருப்பு, மழையோ வெயிலோ கையில் ஒரு குடை. பேச்சில் பாதி, "எனக்குப் பயமாக் கிடக்கு" என்பதுதான். நாம் 'பயமா இருக்கு' என்று சொல்வதை அவர்கள் 'கிடக்கு' என்பார்கள். அவர் வாயில் அதைக் கேட்கும்போது, பயம் ஏதோ ஒரு மூலையில் சுருண்டு படுத்துக் கிடக்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

கோப்பிக் கடைக்குப் போனால் கதவோரம்தான் உட்காருவார். உட்காருவதற்கு முன்னால் அடுப்படி வரைக்கும் நடந்து, பின்பக்கம் வழி உண்டா என்று பார்த்துவிட்டு வருவார். கடைக்காரர் ஒருமுறை என்னிடம், "அண்ணே, இந்தம்மா சுகாதார இலாகாவா?" என்று கேட்டார். ஒரு கல்யாண மண்டபத்தில், தாலி கட்டப் போகிற நேரத்தில், பட்டுச்சேலையோடு எழுந்து போய்ப் பக்கவாட்டுக் கதவுக்கு முன்னால் அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்து வேறு இடத்தில் வைத்தார். கெட்டிமேளச் சத்தத்துக்கு நடுவே நாற்காலி இழுக்கிற சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவைத் தள்ளிப் பார்த்து, அது திறந்த பிறகுதான் வந்து அட்சதை போட்டார்.

லிஃப்டில் ஏறவே மாட்டார். மூடிய கதவு எதையும் சட்டென்று திறக்கவும் மாட்டார். புறங்கையால் மரத்தைத் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது மாதிரி. சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் கைப்பிடியில் கை வைப்பார்.

அவருடைய புருஷன் தீயில் போய்விட்டார், தங்கச்சி புகையில் போய்விட்டாள் என்றெல்லாம் சனங்கள் கதை கட்டினார்கள். தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தவர் என்றுகூட ஒருத்தன் சொன்னான். நான் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "மிஸ், ஒங்களுக்கு முந்தி என்னமாச்சும் நடந்திருக்கா?"

"ஒண்டும் நடக்கேல்லைத் தம்பி" என்றார். "நடக்க முதல்தானே பயப்பட வேணும். நடந்த பிறகு பயந்து என்ன செய்யிறது?"

அதைக் கேட்ட பிறகு எனக்குப் பயம் கூடியது. ஒரு காரணம் இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவரை முதன்முதலில் பார்த்தது நம் வீட்டு வாசலில். நீங்கள் பிறந்த வீடு அந்தக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் இருந்தது. எழுபதுகளில், சிலிம் ரிவர் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, நான் ஈப்போவுக்கு வந்து ஒரு ஈயக் கம்பெனி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் லிஃப்ட் ஓட்டினேன், அப்புறம் ஜாகாவானேன். காவல் வேலைக்கு வீடும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு அறை, ஒரு அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் சுண்ணாம்பு மலைகள். பகலில் கீழே எல்லா மாடியிலும் தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எண்பதுகளின் நடுவில் ஈயத்தின் விலை விழுந்தது. கம்பெனி மூடிவிட்டது. மேசை நாற்காலி எல்லாம் லாரியில் போயிற்று. எட்டு மாடிக் கட்டிடத்தில் நாம் நாலு பேர் மட்டும்.

அந்த மாதங்களை உங்கள் அம்மா இன்னும் மறக்கவில்லை. வெறும் மாடிகளில் காற்று புகுந்து ஏதாவது ஒரு கதவை அடிக்கும். எந்த மாடி என்று தெரியாது. நான் கட்டையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாக இறங்கிப் பார்ப்பேன். நடு இடமெல்லாம் பகலிலும் இருட்டு. அலுவலகக் கட்டிடம் அப்படித்தான். ஜன்னல் ஓரம் வெளிச்சம் இருக்கும், உள்ளே விளக்குப் போட்டால்தான் ஆள் முகம் தெரியும். மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். எதிரே யாரோ நிற்கிற மாதிரி இருக்கும், போய்ப் பார்த்தால் சுவரில் தொங்குகிற பழைய மழைக்கோட்டாக இருக்கும்.

அப்போது ஒரு கூட்டுறவுச் சங்கம் கட்டிடத்தை வாங்கியது. எங்களைப் போலத் தோட்டம் போய் வீடில்லாமல் நின்ற குடும்பங்கள் சேர்ந்த சங்கம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இதையே வீடுகளாக மாற்றுவதா என்று பேச்சு. பார்த்துச் சொல்லத்தான் மிஸ் வந்தார். எட்டு மாடியும் படியேறி, வேர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றார். உங்கள் அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். செல்வா அப்போது தவழ்கிற பிள்ளை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இப்ப கீழ நெருப்புப் பிடிச்சால் இந்தப் பிள்ளையளை எங்கால கொண்டு போவீங்கள்?"

"படியிருக்குல மிஸ்."

"அந்தப் படியாலதானே புகையும் மேல வரும்."

அவ்வளவு வருஷம் அங்கே குடியிருந்திருக்கிறேன், ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. அன்று சாயங்காலம் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று கீழே பார்த்தேன். ரோட்டில் போகிற காடிகள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன. வழக்கமாகப் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குச் சுவரை விட்டுத் தள்ளி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இடிக்க வேண்டாம் என்றுதான் மிஸ் சொன்னார். தூண் நல்ல தூண், தளம் நல்ல தளம், இதை இடித்து மண்ணாக்குவது பாவம் என்றார். ஆனால் ஒரு படிக்கட்டு போதாது, இரண்டாவது வேண்டும். இடமும் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு மாடியிலும் கிழக்கு மூலையில் கம்பெனி தன் பத்திரங்களை வைத்திருந்த அறை ஒன்று உண்டு. ஜன்னல் இல்லாமல், முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கீழிருந்து மேல் வரை கட்டியது. திருட்டுக்கும் தீக்கும் பயந்து கட்டிய அறைகள். "காகிதத்துக்குப் பயந்து கட்டியிருக்கினம். இனி ஆக்களுக்கு உதவட்டும்" என்றார். அந்த அறைகளின் தரையை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே படிகளை இறக்கினால், சுவர் தானாகக் காவல்.

சங்கத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. படிக்குக் கொடுக்கிற இடத்தில் மாடிக்கு ஒரு அறை கூடுதலாகக் கிடைக்குமே என்றார். கூட்டத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டு நான் நின்றேன். மிஸ் எழுந்தார். குடையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"நீங்கள் உங்கட குடும்பத்தோட ஏழாம் மாடியில வந்து இருப்பன் எண்டு சொல்லுங்கோ. நான் படியை எடுத்துவிடுறன்."

தலைவர் தேநீரைக் குடித்தார். அதற்கப்புறம் படியைப் பற்றி அவர் பேசவில்லை.

எனக்கு வேறு பயம் வந்தது. பத்திர அறைகளின் சுவர் நேராக மேலே வந்து முடிகிற இடம் நம் அடுப்படி. படிக்கட்டு அங்கேதான் மொட்டை மாடியில் திறக்க வேண்டும். நம் வீடு போகும். ஏழாம் மாடியில் ஒரு வீடு தருகிறோம் என்று வாயால் சொன்னார்கள். தோட்டத்திலும் வாயால்தான் சொன்னார்கள். உங்கள் அம்மாவுக்கு மிஸ்ஸைக் கண்டாலே ஆகாமல் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை மிஸ் சாக்பீஸோடு வந்து, அடுப்படித் தரையில் மண்டியிட்டுக் கோடு போட்டார். உங்கள் அம்மா போய் அந்தக் கோட்டின் மேலேயே நின்றாள்.

"இந்தக் கோட்டுக்குள்ளதான் எங்க அடுப்பு இருக்கு மிஸ்."

"தெரியும் பிள்ளை."

"புள்ளைங்களோட எங்கள எங்க போவச் சொல்றீங்க?"

"ஏழாம் மாடியில, படிக்கு நேர முன்னால இருக்கிற வீட்டை உங்களுக்கெண்டு நான் படத்தில குறிச்சுப்போட்டன். தலைவரும் கையெழுத்து வைச்சிட்டார். அதை உங்களுக்குச் சொல்லத்தான் வந்தனான். முதல்ல சொல்லியிருக்க வேணும். நீங்கள் ஏசுவீங்கள் எண்டு பயந்து போனன்."

உங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அதற்குள் பொழுது இறங்கிவிட்டது. விளக்கேற்றப் போனவள், வழக்கம் போல முதலில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருந்த பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மிஸ் திடுக்கிட்டு எழுந்தார்.

"ஏன் பிள்ளை சாத்துறீர்?"

"வெளக்கு வைக்கிற நேரம்ல மிஸ். பின்கதவு தொறந்து கெடந்தா, முன்பக்கமா வந்த லட்சுமி அப்படியே வெளியே போயிடும்."

"ஓம், ஓம். எங்கட அம்மாவும் சாத்துறவ" என்று சொல்லிக்கொண்டே உட்காரப் போனவர், பாதியில் நின்றார். சாக்பீஸ் கையிலேயே இருந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. "கீழ வரப்போற ஆக்களும் சாத்துவினமோ?"

"தோட்டத்து ஆளுங்க மிஸ். சாத்தாம இருப்பாங்களா?"

"எல்லா மாடியிலயும்?"

"எல்லா மாடியிலயும்தான்."

மிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு மாடியும் ஒரு நீள நடை. இந்த முனையில் லிஃப்டும் பழைய படியும், அந்த முனையில் புதுப் படி. லிஃப்ட் பக்கம்தான் எல்லாருக்கும் முன்வாசலாக இருக்கும். புதுப் படிக்குப் போகிற கதவு பின்கதவு. விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிக்கு மாடி அதைத்தான் பூட்டப் போகிறார்கள். எல்லா வீட்டிலும் அடுப்பு எரிகிற நேரமும் அதுதான். இதையெல்லாம் அவர் மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"நான் ஜாகாதான மிஸ்" என்றேன். "சாயங்காலம் ஒவ்வொரு மாடியா போயி தொறந்து வுட்டுட்டு வாரேன்."

"ஒரு நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வரும் தம்பி."

"சாத்தக்கூடாதுன்னு போர்டு எழுதிப் போடலாம்."

"லட்சுமி வாசிப்பாவோ?" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை. "எனக்குப் பயமாக் கிடக்கு" என்று குடையை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார்.

சில வாரங்கள் ஆளைக் காணவில்லை. வேலையை விட்டுவிட்டார் என்று தவுக்கே சொன்னார். பிறகு ஒருநாள் புதுப் படத்தோடு வந்து உங்கள் அம்மாவைத்தான் தேடினார்.

"பிள்ளை, ஒரு வீட்டுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் எண்டு புதுசா வாற ஆளுக்கு எப்பிடித் தெரியும்?"

உங்கள் அம்மா யோசிக்கவே இல்லை. "குப்பைத் தொட்டியும் வெளக்கமாறும் எங்க இருக்கோ, அது பின்பக்கம். கோலம் போடற எடம் முன்பக்கம். கெழக்க பாத்திருந்தா ரொம்ப நல்லது."

மிஸ் செய்தது அதைத்தான். கட்டிடத்தையே திருப்பிவிட்டார். ஒரு தூணைக்கூட நகர்த்தவில்லை. லிஃப்ட் பக்கம் குப்பைத் தொட்டியும் துணி துவைக்கிற இடமும் போயிற்று. அதற்கும் நடைக்கும் நடுவே மாடிக்கு ஒரு கதவு வைத்தார், இனி அதுதான் பின்கதவு. பத்திர அறைப் படிக்கட்டு வாசலாயிற்று. சுவரில் பூவேலைக் கல் வைத்துக் காலை வெயில் உள்ளே விழும்படி செய்தார். ஒவ்வொரு மாடியிலும் படி வந்து சேரும் இடத்தைக் கோலம் போடுகிற அளவுக்கு அகலமாக்கினார். அந்தக் கனத்த சுவரைக் குடைந்து விளக்கு மாடம் வைத்தார். தெருவிலிருந்து வருகிற வழியையும் கிழக்குச் சந்துக்கு மாற்றிவிட்டார்.

தவுக்கே தலையில் கை வைத்துக்கொண்டார். "லிஃப்ட் பிளாக்காங், தாங்கா டெப்பான்? கீலா லா." லிஃப்ட் பின்னாலயாம், படிக்கட்டு முன்னாலயாம், பைத்தியமா என்கிறார். தச்சர் வாசலுக்கு உயரமாக நிலைப்படி வைக்கப் போனபோது மிஸ் பதறி ஓடி வந்தார். ஓடும்போது யாராவது தடுக்கி விழுந்தால்? படி இல்லாத வாசலா என்று தச்சர் முறைத்தார். கடைசியில் தரையோடு தரையாகச் சிவப்புச் சிமெண்டில் ஒரு பட்டை. கண்ணுக்கு வாசப்படி, காலுக்கு ஒன்றுமில்லை. உங்கள் அம்மா அதில் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள். அப்புறம் வந்த பெண்களும் அப்படியே வைத்தார்கள்.

சனங்கள் குடிவந்தார்கள். தோட்டத்து லயத்து வீட்டு வரிசையை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. கீழே மூன்றாம் மாடியில், எங்கள் பழைய தோட்டத்திலிருந்து வந்த சிலிம் ரிவர் அக்கா குடும்பம். நாம் ஏழாம் மாடி. செல்வா நடைவெளியில் மூன்று சக்கரச் சைக்கிள் ஓட்டினான். பசார் சாமானோடு வருகிறவர்கள் லிஃப்டில்தான் வருவார்கள். "பின்பக்கமா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். நல்லது கெட்டதுக்கு மட்டும் படிதான்.

ஆறாம் மாடிப் பையனுக்குக் கல்யாணமாகி, தாப்பாவிலிருந்து பெண்ணை அழைத்து வந்தார்கள். புது மருமகளைக் குப்பைத் தொட்டி வழியாகக் கூட்டிவர முடியுமா? சீர்வரிசைத் தட்டோடு அத்தனை பேரும் ஆறு மாடி ஏறினார்கள். பெண்ணின் சித்தப்பா நாலாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மச்சான், பொண்ண கேமரன் மலைக்கா குடுத்திருக்கோம்?"

"ஏறுங்க மாமா, மேல போனா தண்ணி குடுப்பாங்க லா" என்றான் பின்னால் வந்த ஒரு பையன்.

சிரித்துச் சிரித்து ஏறினார்கள். அந்தக் கூட்டத்தின் கடைசியில் மிஸ்ஸும் வந்தார். அவர் சிரிக்கவில்லை. கிழவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே கை சுவரைத் தேடுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். அடுத்த வாரம் நாலாவது மாடிக்கு மேலே சுவரோரம் கைப்பிடி வந்தது.

பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு விளையாடுவார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கை சுவரில் வைத்து, தரை வரைக்கும் இறங்க வேண்டும். கண்ணைத் திறக்காமல் வந்தவர்களுக்கு மிட்டாய். மீனா, நீதான் எப்போதும் முதல். அவர் பின்னாலேயே வந்து, "வடிவா, வடிவா, ஓடாதையுங்கோ" என்பார். வடிவா என்றால் அவர்கள் பேச்சில் நன்றாக, கவனமாக. பார்க்கிற எனக்கு அது விளையாட்டாகத் தோன்றாது. எதை நினைத்து இந்த விளையாட்டு என்று எனக்குத் தெரியும் அல்லவா?

இரண்டு வருஷம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. எனக்கே பயம் தெளிந்துவிட்டது.

அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். விளக்குக்கு எண்ணெய் வாங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர், "அண்ணே, ஒங்க கட்டிடமா அது?" என்றார். திரும்பினேன். லிஃப்ட் பக்கம் மூன்றாம் மாடி ஜன்னலில் கரும்புகை. பின்பக்கம் என்றால் வேண்டாத சாமான் போடுகிற இடம்தானே. சிலிம் ரிவர் அக்கா வீட்டுப் பழைய மெத்தை, உடைந்த அலமாரி, பத்திரிகைக் கட்டு எல்லாம் அங்கேதான் கிடந்தன. எப்படிப் பிடித்தது என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.

ரோட்டைத் தாண்டியது நினைவில்லை. லிஃப்ட் கூண்டு புகைபோக்கி மாதிரி ஊதியது. பழைய படியில் கால் வைத்தேன். கண் எரிந்து, மூச்சு முட்டி, வெளியே தள்ளியது. ஏழாம் மாடியில் நீங்கள் மூன்று பேர். கிழக்குச் சந்தைச் சுற்றி ஓடினேன். அந்தக் கொஞ்ச தூரத்தில் எனக்குள் ஓடியது ஒரே கேள்வி. இது விளக்கு வைக்கிற நேரம். உங்கள் அம்மா எந்தக் கதவைச் சாத்தியிருப்பாள்? படத்தில் வாசல் மாறலாம், மனசில் மாறியிருக்குமா? அவசரத்தில் யாராவது ஒருத்தர், ஏதாவது ஒரு மாடியில், லிஃப்ட் பக்கம்தானே உண்மையான முன்பக்கம் என்று நினைத்திருந்தால்?

மேலே பார்த்தேன். பூவேலைக் கல்லின் ஓட்டைகளில், மாடிக்கு ஒன்றாக விளக்கு எரிந்தது. மூன்றாம் மாடியிலும் எரிந்தது. ஏழாம் மாடியில் மட்டும் தெரியவில்லை.

எண்ணெய் என் கையில் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

உள்ளே ஏற முடியவில்லை. இறங்குகிறவர்களால் படி நிறைந்திருந்தது. யாரும் கத்தவில்லை. செருப்புச் சத்தமும் இருமலும்தான் கேட்டது. ஒரு தாத்தாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். சிலிம் ரிவர் அக்கா பிள்ளைகளோடு வந்தாள். ஆறாம் மாடி மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக வந்தாள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீங்கள் இல்லை. நீங்கள் இல்லை. அப்புறம் உங்கள் அம்மாவின் புடவைத் தலைப்பு தெரிந்தது. இடுப்பில் செல்வா. அவளுக்கு முன்னால் மீனா, ஒரு கை சுவரில், கண் இரண்டையும் இறுக்க மூடிக்கொண்டு இறங்கி வந்தாய்.

உன்னைத் தூக்கிக்கொண்டு கேட்டேன். "ஏம்மா கண்ண மூடிக்கிட்டு வந்த?"

"மிஸ்தான் சொன்னாங்க. பயமா இருந்தா கண்ண மூடிக்கிட்டு செவத்த புடிச்சுக்கன்னு."

அன்றைக்கு யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. தீயணைப்புக்காரர்கள் அணைத்தார்கள். மூன்றாம் மாடியின் லிஃப்ட் பக்கமெல்லாம் கரி. சாத்தியிருந்த பின்கதவு வெளிப்பக்கம் கருகி, உள்பக்கம் பச்சைப் பெயிண்ட் அப்படியே இருந்தது. புகை வீடுகளுக்குள் வரவில்லை.

மறுநாள் காலையில் மிஸ் வந்திருக்கிறார் என்று சொன்னார்கள். சனங்கள் மாலை வாங்க ஆள் அனுப்பினார்கள். அவர் சந்தின் ஓரத்தில், சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். குடை மடியில். உங்கள் அம்மாவைக் கண்டதும் எழுந்தார்.

"பிள்ளை, நேற்று எந்தக் கதவைச் சாத்தினனீர்?"

"பின்கதவத்தான் மிஸ். எப்பவும் போல."

"வாசல்?"

"எண்ணெய் வந்ததும் மாடத்துல வெளக்கு வைக்கணும்னு தொறந்து வெச்சிருந்தேன். லட்சுமி வர்ற நேரத்துல வாசல யாராச்சும் சாத்துவாங்களா மிஸ்?"

மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். மாலையோடு வந்தவர்களும் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டார்கள்.

"நான் விடிய வந்து மேல ஏறிப் பாத்தனான்" என்றார். "ஏழாம் மாடிப் படியில, மாடத்துக்குக் கீழ, ஒரு சின்னச் சைக்கிள் நிக்குது. நேற்றும் அங்கதான் நிண்டிருக்கும். அந்த மாடி ஆக்கள் அவ்வளவு பேரும் அதைக் கடந்துதான் வந்திருக்கினம். உடனே எடுக்கச் சொல்லுங்கோ தம்பி. எனக்குப் பயமாக் கிடக்கு."

செல்வா, அது உன் சைக்கிள். நான் ஓடிப்போய் எடுத்தேன்.